உயிரோடிருந்தவளுக்கு ஒப்பாரி

தோர்க்கா வாயைத் திறந்தால் ஏரியின் அக்கரைக்கும் கேட்கும். அன்றைக்கு மட்டும், அனாதைப் பிள்ளைகளை வளர்க்கும் கிருபை இல்லத்துச் சமையலறைக்குக் கருவாடு போட்டுவிட்டு வந்தவள், அபியோவின் காதோரம் குனிந்து மெல்லப் பேசினாள்.

"உம் மக அகெயோ இருக்காள்ல, ஞாயித்துக்கெழம வெள்ளக்கார விருந்தாளிங்க முன்னாடி சாட்சி சொல்லப் போறா. மேடையில பழக்கிட்டு இருந்தாங்க. அப்பா செத்துட்டாரு, அம்மாவும் செத்துட்டாங்க, இயேசுதான் என்னைத் தூக்கி வளக்குறாருன்னு சொல்றாடி."

மணலில் காய்ந்த மீனைப் புரட்டிக்கொண்டிருந்த அபியோவின் கை நின்றுவிட்டது. புருஷன் ஏரியில் படகோடு மூழ்கிப் போனது உண்மை. போன வருஷம் காசநோய் வந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உண்மை. அப்போது இல்லத்தை நடத்தும் பாஸ்டர் ஒலாங் தானாகவே வந்து, குணமாகும்வரை பிள்ளை எங்களிடம் இருக்கட்டும் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று. குணமாகி வந்து பிள்ளையைக் கேட்டபோது, இப்போதுதான் பழகியிருக்கிறாள், உன்னைப் பார்த்தால் ஏங்கிப்போவாள், கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதே என்றார். பெரிய மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவளும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு இருந்தாள். அந்தக் கொஞ்ச நாள் மழைக்காலம் தாண்டியும் முடியவில்லை.

அப்படியே மீன் வாடையோடு நடந்து போய் இல்லத்தின் இரும்புக் கதவைத் தட்டினாள். பாஸ்டர் கதவிடுக்கு வழியாகத்தான் பேசினார்.

"எம் பிள்ளைய எங்கிட்டக் குடுங்கய்யா. எனக்கு ஒடம்பு தேறிடுச்சு."

"ஏம்மா, விருந்தாளிங்க வர்ற நேரத்துல வந்து நிக்கிறியே. அவங்க போகட்டும், பேசுவோம்."

"நான் செத்துட்டேன்னு சொல்லச் சொன்னீங்களா?"

பாஸ்டர் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். "அது ஒரு சாட்சிம்மா. அம்மா இருக்குற பிள்ளைக்கு எவன் உதவி பண்ணுவான்? உங்கிட்ட வந்தா என்ன இருக்கு அவளுக்கு? கருவாடும் கஞ்சியும். இங்க படிக்கிறா, கட்டில்ல தூங்குறா. ஒரு வார்த்தையில ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

கதவு மூடிக்கொண்டது. என்ன குறைந்து போச்சாமே. உயிரோடிருப்பவளைக் குழிக்குள் தள்ளி மண்ணையும் போட்டுவிட்டுக் கேட்கிற கேள்வியா அது? ஏழையின் வீட்டில் அன்பு கிடையாது, கஞ்சி மட்டும்தான் கிடக்கும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? அனாதைக்குச் சோறு போடுவது புண்ணியம்தான். சோறு போடுவதற்காகப் பிள்ளையை அனாதையாக்குவதற்குப் பெயர் வேறு.

திரும்பி வந்த அபியோ தோர்க்காவிடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழம எனக்கு ஒப்பாரி வைக்கணும். பொம்பளைங்களைக் கூட்டு."

தோர்க்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "சாவோட வெளையாடாதடி. வீட்டுக்கு ஆகாது."

"வெளையாடுனது நானா? என்னைக் கொன்னது அவங்க. அழ ஆள் இல்லாமப் போகணுமா நான்?"

அந்தச் சீமையில் துக்கத்துக்கு வருகிறவர்களை யாரும் தடுக்க மாட்டார்கள். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் கதவைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நிற்பான். ஞாயிற்றுக்கிழமை மீன்காரிகள் அத்தனை பேரும் தலையில் கை வைத்து, மார்பில் அடித்துக்கொண்டு இல்லத்துக்கு ஓடி வந்தார்கள். தாய்க்குத் திறக்காத கதவைக் காவல்காரன் துக்கத்துக்கு அகலத் திறந்தான். முக்காட்டுக்குள் அழுதுகொண்டு போனவள் யார் என்று அவன் பார்க்கவில்லை.

ஜெபக்கூடத்தில் பாட்டு நின்றுபோனது. மேடையில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். மூன்றாவதாக அகெயோ. முன்வரிசையிலிருந்து ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் எழுந்து, யார் இறந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பக்கத்து ஊர்ல யாரோ" என்றார் பாஸ்டர்.

தோர்க்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அந்த ஆங்கிலம் அன்றைக்குக் கைகொடுத்தது. அபியோவின் முக்காட்டை விலக்கிவிட்டுச் சொன்னாள். "இவதாம்மா செத்தவ. அந்த மூணாவது பிள்ளையோட ஆத்தா. நீங்க மாசாமாசம் காசு அனுப்பிக் காப்பாத்துற அனாதையோட ஆத்தா."

"மூளை சரியில்லாதவங்க" என்றார் பாஸ்டர்.

தோர்க்கா சபையைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க சொல்லுங்களேன். சந்தையில இவகிட்டதான மீன் வாங்குறீங்க? செத்தவகிட்ட எப்படிப் பேரம் பேசுனீங்க?"

பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வாரா வாரம் ஆமென் சொன்னார்கள். கடைசியில் ஒரு கிழவர் எழுந்து தொப்பியைக் கழற்றி, "அது அபியோதான்" என்றார். வெள்ளைக்கார அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு பாஸ்டரைப் பார்த்தாள். அவர் வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அபியோ மேடைக்குப் போனாள். மகள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தாள். அகெயோ இல்லத்து ஆயாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடுங்கினாள். வெளியாட்களுக்குப் பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு நடந்தாள். யாரும் மறிக்கவில்லை.

ஏரிக்கரைப் பாதையில் பிள்ளை கூடவே நடந்து வந்தது. அடிக்கடி அம்மாவின் கையைத் தடவிப் பார்த்தது. மேடையில் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள் என்றுதான் அபியோ இதுவரை நினைத்திருந்தாள்.

"அம்மா" என்றாள் அகெயோ கடைசியில். "நீங்க செத்துட்டீங்கன்னு பாஸ்டர் வந்து சொன்னன்னைக்கு நான் ராத்திரியெல்லாம் கத்திக் கத்தி அழுதேனே. ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?"