மரப்பட்டைக்குக் கீழே

ரூ காய் என்ற தெருவில் உள்ள ஒரு உணவகத்தில் பதினொரு வருடமாகக் கொத்துரொட்டி போட்டு வருகிறவன் கரிகாலன். தகடு தகட்டில் அடிபடும் சத்தம் அறைக்குப் போன பிறகும் அவன் காதை விட்டுப் போவதில்லை. பாம்பின் மேல் ஆசை வந்ததற்கு அதுவே காரணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது சத்தம் போடாத ஒரு உயிர்தான்.

ஆசையைக் கிளப்பியவள் மர்கரீத். புதுச்சேரிக்காரி, அவன் வயதுதான் இருக்கும். செவ்ரான் என்ற புறநகரில் தனியாக இருந்தாள், நகரசபையில் வேலை. சனிக்கிழமை மதியங்களில் சாப்பிட வருவாள். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் போனில் படங்களைக் காட்டினாள். அவள் வீட்டின் பின்னறையில், கண்ணாடிப் பெட்டிகளில், ஒன்பது விஷப்பாம்புகள். எல்லாவற்றுக்கும் அரசாங்க அனுமதி உண்டு என்றாள். அதற்கு ஒரு தகுதிப் பத்திரம் வேண்டும்; பிரெஞ்சில் 'கப்பாசித்தே' என்பார்கள். அதை வாங்க அவளுக்கு நாலு வருடம் பிடித்ததாம்.

தனக்கும் அது கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும், ஆனால் அவசரப்படக்கூடாது என்றாள். அடுத்த ஞாயிறிலிருந்து செவ்ரானுக்குப் போகத் தொடங்கினான். முதல் வருடம் விஷமில்லாத சோளப்பாம்பு ஒன்றை மட்டும் அறையில் வைத்திருக்கச் சொன்னாள். வெப்பம் எத்தனை பாகை, தோல் உரிக்கும்போது ஏன் தொந்தரவு செய்யக்கூடாது, உறைந்த எலியை எப்படி இளக்கிக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வைத்தாள். தன் விரியன்களைக் கொக்கித்தடியால் தூக்கும்போது அவனை இரண்டு மீற்றருக்கு அப்பால் நிறுத்தினாள். அவள் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: பாம்பு எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் பெட்டிக்குள் கை போகவே கூடாது.

கரிகாலனுக்கு எல்லாம் விளங்கியது. பொறுமை மட்டும் வரவில்லை. பழகத் தொடங்கிய எட்டாம் மாதம், இணையத்தில் பிடித்த ஒருவனிடம், போர்த் து லா சப்பலில் கார் நிறுத்துமிடத்தில் வைத்து, மூக்கில் சின்னக் கொம்பு உள்ள விரியன் ஒன்றை வாங்கினான். பத்திரமும் இல்லை, பூட்டுள்ள பெட்டியும் இல்லை. மர்கரீத்திடம் சொல்லவில்லை. பத்திரம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மூன்று வாரமாக அது ஒன்றும் தின்னவில்லை. பயந்துபோய், கடை பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை மதியம் அவளுக்குப் போன் செய்தான். பாம்புக்குச் சுகமில்லை என்றான். எந்தப் பாம்பு என்று சொல்லவில்லை. அவள் சோளப்பாம்பென்று எண்ணி, தடி ஒன்றும் எடுக்காமல், வேலை முடிந்த கையோடு ரயிலேறி வந்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. ஏசவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அது எங்கே கிடக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

"இடப்பக்கம், மரப்பட்டைக்குக் கீழை. இப்பத்தான் பார்த்தனான்," என்றான்.

இப்போது பார்க்கவில்லை. காலையில் பார்த்தது. தான் கவனமாக இருப்பவன் என்று அவள் நினைக்கவேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னான்.

அவள் அதை நம்பி, வலப்பக்கம் இருந்த தண்ணீர்ச் சட்டியை எடுக்கக் கையை விட்டாள். விரியன் சட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

அது அவள் வலக்கை விரலில் கொத்தியது. மூடியைப் போடச் சொன்னாள், மேலே பாரம் வைக்கச் சொன்னாள். மோதிரத்தைக் கழற்றிக் கையை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டு, தீயணைப்புக்காரரைக் கூப்பிடச் சொன்னாள். அவன் இலக்கத்தை இரண்டு தடவை பிழையாக அழுத்தினான். அதற்குள் அவள் கை மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது. அந்த நிலையில்தான் அவள் அதைச் சொன்னாள்.

"பொலிசும் வரும். நீங்க வாயைத் திறக்காதீங்க. பாம்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்."

"ஏன் நீங்கள்..."

"உங்க நசியோனலித்தே தோசியே, அந்தக் குடியுரிமை மனு, பிரெபெக்தூர் ஆபீஸ்ல இருக்கு. இது தெரிஞ்சா அதோட போச்சு. எங்கிட்ட பத்திரம் இருக்கு, எனக்கு ஒண்ணும் ஆவாது."

வந்தவர்கள் கேட்டபோது அவள் அப்படியே சொன்னாள். பிறகு கரிகாலனைப் பார்த்தார்கள். அவன் தலையாட்டினான்.

அவளுக்கு ஒன்றும் ஆகாது என்பது பொய்த்தது. விஷமுறிவு மருந்து உயிரைக் காத்தது. வலக்கையின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அந்த வகை விரியன் அவள் அனுமதியில் இல்லாததால் பத்திரம் போயிற்று. ஒன்பது பாம்புகளையும் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று உதவிக்கு வரட்டுமா என்று கரிகாலன் கேட்டதற்கு, வேண்டாம் என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவன் ஒவ்வொரு வாரமும் நினைத்தான். குடியுரிமைப் பேட்டி முடியட்டும், முடிவு வரட்டும் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டான்.

பதினாலு மாதம் கழித்துக் குடியுரிமைக் கடிதம் வந்தது. அடுத்த ஞாயிறு செவ்ரானுக்குப் போனான். பின்னறையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சுவரில் வெப்ப விளக்குகள் இருந்த இடம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது.

"பாம்பு என்ரை எண்டு எழுதிக் குடுக்கப் போறன்," என்றான்.

மர்கரீத் இடக்கையால் அவனுக்குக் கோப்பி ஊற்றினாள்.

"கடிதம் வந்துருச்சா?"

"ஓம்."

"அதான் இப்ப எழுதுறீங்க."

அவன் கோப்பியைத் தள்ளி வைத்தான்.

மர்கரீத் கோப்பிப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். "பொய் சொன்னது நானாத்தான் சொன்னேன். அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லல. இப்பத்தான் பார்த்தேன்னு சொன்னீங்க பாருங்க, அதைத்தான் என்னால மறக்க முடியல."

அவன் எழுதிக் கொடுத்தான். பொலிஸ் நிலையத்தில் ஒரு முழுக் காலை உட்காரவைத்துக் கேட்டார்கள். வழக்கு வந்தது, தண்டம் விதித்தார்கள். பத்திரத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று மர்கரீத்துக்கும் ஒரு கடிதம் போயிற்று. அவள் விண்ணப்பிக்கவில்லை. அந்தக் கையால் இனிக் கொக்கித்தடியைப் பிடிக்க முடியாது என்று போனில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அவன் மன்னிப்புக் கேட்டபோது, நாளைக்கு வேலை இருக்கிறது, வைக்கிறேன் என்றாள்.

தன் சோளப்பாம்பைக் கரிகாலன் பாம்பு வளர்ப்பவர்களின் சங்கம் ஒன்றிடம் கொடுத்துவிட்டான். கொடுக்கும்போது அங்கிருந்த பெண், இவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறீர்களே, யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டாள். அவன் மர்கரீத்தின் பெயரை முழுதாகச் சொன்னான். அந்தப் பெண் அதைத் தாளில் குறித்துக்கொள்ளும்வரை நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தான்.