எந்த மரத்துப் புல்லுருவி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் சின்னையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பினாங்கு தண்ணீர்மலைத் தாவரவியல் தோட்டத்தில், செடிகொடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டுகிற வேலை அவனுக்கு. மா, கொய்யா, பலா, எலுமிச்சை என்று மரத்துக்கு மரம் ஒட்டிக்கொண்டு உயிரை உறிஞ்சும் புல்லுருவிகளை எல்லாம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொண்டுவரச் சொன்னார். பூக்களைக் கீறி லென்ஸில் பார்த்தார். எதை எடுத்தாலும் ஐந்து இதழ், ஐந்து மகரந்தத்தாள். எல்லாம் ஒரே இனம், பெயர் லொராந்தஸ் பென்டாண்ட்ரஸ் என்று முடிவு சொன்னார். நம் ஜனங்களோ மாமரத்துப் புல்லுருவி வேறு, எலுமிச்சைப் புல்லுருவி வேறு என்று காலங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை நினைத்துச் சின்னையா சிரித்தான். துரை சொன்னதில் தப்பில்லை. இவன் அதைப் புரிந்துகொண்டதில்தான் கோளாறு.

அவன் மனைவி ஜெயலெட்சுமிக்கு அப்போதுதான் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. பெண் பிள்ளை. பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. தாய்க்குத்தான் உதிரப்போக்கு நிற்கவில்லை. பிரசவம் பார்த்தவள் மருத்துவச்சி ஹாஜரா. அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள்.

"எலுமிச்ச மரத்துப் புல்லுருவி கொண்டா தம்பி. கஷாயம் வச்சுக் குடுத்தா நின்னுடும்லா. வேற மரத்தது வேணாம்."

எலுமிச்சைக்கு ஆயர் ஈத்தாம் வரை போக வேண்டும். மழை வேறு கொட்டியது. தோட்டத்து வாசலிலேயே ஒரு கிழட்டு அரளியில் அதே புல்லுருவி பூத்திருந்தது. சின்னையா ஒரு பூவைப் பிய்த்து எண்ணினான். ஐந்துக்கு ஐந்து. படித்தவன் அல்லவா, மனசுக்குத் திருப்தியாகிவிட்டது. ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

"எலுமிச்சையிலதானே எடுத்தே?" என்று ஹாஜரா கேட்டாள். ஒடித்த கொத்தைப் பார்த்து மரத்தைச் சொல்ல அவளாலும் முடியாது.

"ஆமாக்கா."

பொய் சொல்கிறோம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் கொடுமை.

கஷாயம் குடித்த சற்று நேரத்தில் ஜெயலெட்சுமி குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். நாடியைப் பிடித்த ஹாஜராவின் முகம் கறுத்தது.

"என்ன இது? அரளிய அரைச்சுக் குடிச்சவ நாடி மாதிரி விட்டு விட்டு அடிக்குது!"

புல்லுருவி தான் ஒட்டிய மரத்தின் சாற்றைக் குடித்துத்தான் வளர்கிறது. மரத்தில் விஷம் இருந்தால் அதுவும் சேர்ந்துதானே வரும்? இதழை எண்ணத் தெரிந்தவனுக்கு இது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா பிடித்து வருகிறேன் என்று தெருவில் ஓடினான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ரிக்‌ஷாவோடு திரும்பியபோது ஜெயலெட்சுமி போய்விட்டிருந்தாள்.

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். எதைக் கலக்கிக் கொடுத்தாளோ என்றாள் ஒருத்தி. இனி இவளை எவள் பிரசவத்துக்குக் கூப்பிடுவாள் என்றாள் இன்னொருத்தி. ஹாஜரா, "என் கையாலதானே குடுத்தேன், என் கையாலதானே குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சின்னையா சும்மா இருந்தால் போதும். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் மானம் பிழைக்கும், அவள் பிழைப்புத்தான் போகும். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவன் கூசிப்போனான்.

"அக்கா மேல தப்பில்ல," என்றான். "நான் அரளியில எடுத்தேன். எலுமிச்சைன்னு சொல்லிக் குடுத்தேன். ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன்."

ஹாஜரா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நின்றான். அதையாவது செய்யமாட்டாளா என்று ஏங்கினான். அந்நேரம் தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழுதது. தூக்கப் போனான். ஹாஜரா எழுந்து வந்து தொட்டிலுக்குக் குறுக்கே நின்றாள்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வா தம்பி," என்றாள்.