சாக்குமேல் கிடந்த அரிசி

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீட்டில் வீரம்மா மெஸ் நடத்திவந்தாள். ரயில் லைனில் வேலை பார்த்த புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் கைக்குத் தெரிந்த பிழைப்பு சமையல் ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு பேர் அவளிடம் காலையும் இரவும் சாப்பிட்டார்கள். அத்தனை பேரும் தம்புசாமி கூட்டிவந்தவர்கள்.

தம்புசாமி சரக்கு ஆபீசில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே. வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக வருவார். உட்காருவதற்கு முன் மணைப் பலகையைத் தம் கைக்குட்டையால் ஒரு தடவை துடைப்பார். வீரம்மா துடைத்து வைத்த பலகைதான், ஆனாலும் துடைப்பார். இதற்கு முன் அவர் சாப்பிட்ட இடத்தில் ஒரு நாள் ரசத்தில் ரோமம் கிடந்ததாம். ஒரு வார்த்தை பேசாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். அவரோடு மற்றவர்களும் எழுந்தார்கள். அந்த மெஸ் அந்த மாதமே மூடிப்போனது. வீரம்மாவுக்கு இது தெரியும். ரசம் கொதிக்கும்போதெல்லாம் ஞாபகத்துக்கும் வரும்.

இத்தனை சுத்தம் பார்க்கிற மனுஷன் ஒரு பூனைக்கு மட்டும் அடிமை. சரக்குக் கொட்டகையில் குட்டியாகக் கிடந்ததை எடுத்துவந்தார். அவர் தங்கியிருந்த அறையில் கூட இருந்தவர்கள் பூனை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். "எலி தொல்லைக்கு ஆகும், வச்சுக்க தங்கச்சி" என்று இங்கே கொண்டுவந்து விட்டார். ராஜாத்தி என்று பேர் வைத்ததும் அவர்தான். சாம்பல் வரி போட்ட பெட்டைப் பூனை.

ராஜாத்தி எலி பிடித்ததை வீரம்மா கண்டதில்லை. அது செய்வதெல்லாம் வேறு. நாள் முழுக்க உடம்பை நக்கும்; நக்கின மயிரையெல்லாம் முழுங்கி, கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரித்து, ஈரத் திரியாகப் பாயில் கக்கிவைக்கும். விறகு மூலையில் மூத்திரம் விடும். அந்த விறகு எரியும்போது சமையற்கட்டு முழுக்க ஒரு காரநெடி எழும். கொஞ்ச நாளாக இன்னொன்று ஆரம்பித்திருந்தது. பின்னங்கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆசனவாயைத் தரையில் தேய்த்தபடியே முன்னங்காலால் இழுத்து இழுத்து நகரும். சாப்பாட்டுக் கூடத்திலேயே, இலைகளுக்கு நடுவிலேயே.

"பாரு பாரு, ராஜாத்தி ரிக்ஷா ஓட்டுறா!" என்று தம்புசாமி சிரிப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். வீரம்மா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவாள்.

அது படுக்கிற இடம் உக்கிராண அறையில், அரிசிமூட்டை மேல். வாய் திறந்த சாக்கின் மடிப்பில் உடம்பைச் சுருட்டிப் படுக்கும். விரட்டினாலும் திரும்ப வந்து அதே குழியில் படுக்கும்.

அன்றைக்குக் காலை வீரம்மா அரிசி அளக்கப் போனபோது மாரியாயி அங்கே முன்னாலேயே குனிந்து நின்றாள். மாரியாயி பூச்சோங் பக்க ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள், வீரம்மா வயசுக்காரி, அரைப்பதும் கழுவுவதும் அவள் பொறுப்பு. பூனை படுத்தெழுந்த குழியிலிருந்து எதையோ நுனிவிரலால் பொறுக்கிப் பொறுக்கிச் சாக்குக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறே?"

"சிந்தின அரிசிக்கா. தினம் இந்தச் சனியன் எந்திரிச்சா நாலு மணி வெளியே கெடக்குது. காலுல மிதிபட்டா லெச்சுமியை மிதிச்ச மாதிரின்னு நீங்கதானே சொல்லுவீங்க."

சொன்னவள் வீரம்மாதான். தரையில் ஒரு மணி அரிசி கிடந்தாலும் கண்ணில் ஒற்றிப் பானையில் போடவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். நல்ல பழக்கம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே தானும் குனிந்து, சாக்கு மடிப்பில் தங்கியிருந்த ஒரு மணியை எடுத்தாள். ரங்கூன் புழுங்கல் மாதிரியே மங்கின மஞ்சள். ஆனால் கைக்கு மெத்தென்று இருந்தது. ஈரம் பட்டுவிட்டதோ என்று உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அரிசி நீண்டது. பிறகு சுருங்கியது. மறுபடி ஒரு முனையை முன்னால் நீட்டி, உள்ளங்கை ரேகையில் அரை விரற்கடை ஊர்ந்தது.

வீரம்மா பின்னால் துள்ளினாள். கையை உதறினாள். உதறினது எங்கே விழுந்தது என்று தெரியாமல் சேலையை உதறினாள், கூந்தலை உதறினாள். பூனை வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பின்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் வாலடியில், மயிரில் ஒட்டிக்கொண்டு, அதே போல இரண்டு மணி. ஒன்று நெளிந்தது.

"மாரியாயி," என்றாள். "எத்தனை நாளா பொறுக்கிப் போடுறே?"

மாரியாயியும் பூனையின் வாலடியைப் பார்த்துவிட்டாள். தன் விரல்களைப் பார்த்தாள். பின்கட்டுக்கு ஓடினாள். அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டு வீரம்மாவும் போனாள். சாக்கடையோரம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தார்கள். வாந்தியில் நேற்று இரவுச் சோறு வந்தது. அதைப் பார்த்து இன்னொரு முறை எடுத்தார்கள்.

வாய் கொப்பளித்த பிறகு மாரியாயி மெதுவாக ஆரம்பித்தாள். "கொதிக்கிற உலையில எதுவும் உசுரோட இருக்காதுக்கா. வெந்து செத்திருக்கும்."

"செத்ததைப் பரிமாறினேன்னு ஊருக்குச் சொல்லட்டுமா?"

"சொல்ல வேணாங்கறேன். மூட்டையைப் புடைச்சு எடுத்திட்டா..."

"எதை எதுலேர்ந்து புடைப்பே? எது அரிசி, எது அதுன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா இத்தனை நாளும் பொறுக்கிப் போட்டிருப்பியா?"

மாரியாயி தலையைக் குனிந்துகொண்டாள். வீரம்மாவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. சட்டம் போட்டது தன் வாய். அதை நினைத்தபோது வாயே கசந்தது.

பன்றிக்குக் கழனித்தண்ணீர் எடுக்க வரும் சீனக் கிழவர் அன்று முக்கால் மூட்டை அரிசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, இந்தப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். சாக்கை வீரம்மா கொளுத்தினாள். உக்கிராண அறையைக் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பாசார் சந்தைப் பக்கத்துக் கடையிலிருந்து புது அரிசி வந்தது. உலை வைத்தாள். அரிசியை உலையில் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருந்தது, இருந்தும் ஒவ்வொரு மணியும் நெளியப்போவது போல அவள் கண்ணுக்குப் பட்டது.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பூனையை விரட்டினால் தம்புசாமி எழுந்து போவார், அவரோடு மெஸ்ஸே போகும். பூனையை வைத்துக்கொண்டால் ஒரு நாள் யார் இலையிலாவது இது ஊரும். அப்போதும் மெஸ் போகும். அடுப்படியில் உட்கார்ந்து அவள் யோசித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. ஒரே வழி, பூனைக்காரரிடமே சொல்வது.

சாயங்காலம் மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே தம்புசாமி வருவார், ராஜாத்திக்கு நெத்திலி கொடுக்க. அன்றும் வந்தார். வீரம்மா அவரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க பூனை வயித்துல பூச்சி இருக்கு."

"யாரு சொன்னா?"

"பூச்சியே வந்து சொல்லிச்சு."

அவர் சிரித்தார். "அட போ தங்கச்சி. பூனை மாதிரி சுத்தமான பிராணி உண்டா? பொழுதன்னிக்கும் நக்கி நக்கி உடம்பைக் கழுவிக்கிட்டே இருக்கு. மனுஷங்க அப்படி இருக்காங்களா?"

"எங்கெங்கே நக்குதுன்னு பாத்தீங்களா?"

"சீ, சாப்பிடற எடத்துல என்ன பேச்சு இது!"

வீரம்மா ஒரு வாழையிலைத் துண்டை நீட்டினாள். பூனையின் வாலடியிலிருந்து குச்சியால் தட்டி எடுத்து வைத்திருந்தாள். தம்புசாமி குனிந்து பார்த்தார். "புழுங்கலரிசி. இதுல என்ன?" என்று விரலை நீட்டினார். விரல் தொடுவதற்குள் அது நீண்டு நிமிர்ந்தது.

தம்புசாமி இரண்டடி பின்னால் போனார். கைக்குட்டையை எடுத்து, தொடாத விரலைத் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"இது... எங்கே கெடந்துச்சு?"

"அரிசிமூட்டை மேல."

அவர் முகம் வெளுத்தது. பிறகு கோபம் வந்தது. "இப்படி ஒரு எடத்துல நான் சாப்பிட்டேனா? நாளையிலேர்ந்து வேற மெஸ் பாத்துக்கறேன். எல்லாரும்தான்."

காலையிலிருந்து வாந்தியெடுத்து எடுத்து, பயப்படுவதற்கு வீரம்மாவிடம் மிச்சம் எதுவும் இல்லை.

"போங்கண்ணே. கையோட உங்க மகளையும் தூக்கிட்டுப் போங்க. புது மெஸ்ஸுல கேப்பாங்க இது என்னன்னு. சொல்லுங்க."

தம்புசாமி வாசலைப் பார்த்தார். ராஜாத்தி வந்து அவர் காலில் உடம்பைத் தேய்த்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அது அண்ணாந்து கத்தியது. நெத்திலிப் பொட்டலம் அவர் பையில்தான் இருந்தது.

"தெருவுல விட்டா நாய் கொன்னுடும்," என்றார்.

"அப்போ வைத்தியம் பாருங்க. எங்க தம்பிக்குச் சின்ன வயசுல பூச்சி இருந்தப்போ பரங்கி விதையைத்தான் அம்மா அரைச்சுக் குடுத்தாங்க. அரைச்சுக் குடுக்கிறது நான். மத்ததெல்லாம் நீங்க. நான் அதைத் தொடமாட்டேன்."

"நானா?"

"பின்ன யாரு லா? நீங்கதானே பேர் வச்சீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. மற்றவர்கள் வருவதற்கு முன், பின்கட்டில், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தம்புசாமி பூனையைக் கோணிக்குள் சுருட்டி மடியில் இறுக்கிப் பிடித்தார். விதைக் கூழை மீன் சாற்றில் குழைத்து விரலால் அதன் கடைவாயில் திணித்தார். பாதியை அது அவர் முகத்திலேயே துப்பியது. மாரியாயி தள்ளி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, குமட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை. பேன்சீப்பு வாங்கிவந்து மயிரை வாரினார். வாரின சீப்பைத் தண்ணீரில் அலசியபோது தெள்ளுப்பூச்சி கறுப்பு எள்ளாக மிதந்தது. ஆற்றுமணல் போட்ட மரப்பெட்டி ஒன்றை விறகு மூலையில் வைத்து, அதில்தான் போகவேண்டும் என்று பூனையை அதற்குள் தூக்கித் தூக்கி விட்டார். தினமும் குச்சியால் மணலைக் கிளறிப் பார்க்கிற வேலையும் அவருடையதே.

ஒரு நாள் கிளறும்போது ஒரு முனை வந்தது. இழுத்தார். வெள்ளை நாடா. இழுக்க இழுக்க வந்தது, அரிசி அரிசியாகக் கோத்த மாலை மாதிரி, அதில் ஒரு பாதி இன்னும் மெல்லச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. தம்புசாமி குச்சியைப் போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டார். தலைப்பாகை அவிழ்ந்து சாக்கடையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"முழுசா வந்துடுச்சாண்ணே?" என்று வீரம்மா கதவுக்கு உள்ளிருந்தே கேட்டாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு பூனை தரையில் இழுத்து நகர்வது நின்றது. உக்கிராண அறைக்கு வீரம்மா கதவு போட்டாள், தாழ்ப்பாளும் போட்டாள். சாப்பிட வருகிறவர்களுக்கு அவர்கள் மூவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று வீரம்மா பல தடவை நினைத்தாள். பரிமாறுகிற தன் கையைப் பார்க்கும்போதெல்லாம் வாய் அடைத்துக்கொண்டது. சொல்லாமலிருப்பதும் வயிற்றில் ஒரு பூச்சியாகவே கிடந்தது.

தம்புசாமி வேறு மெஸ்ஸுக்குப் போகவில்லை. முன்போலவே வந்து உட்கார்ந்தார், பலகையைத் துடைத்தார். ஆனால் சோற்றுத் தட்டு வந்தால் இலைமேல் கையைக் குறுக்கே வைத்துவிடுவார். அவருக்கு வீரம்மா சப்பாத்தி போட்டாள். அவளும் மாரியாயியும் களியே சாப்பிட்டார்கள்.

"அண்ணனுக்கு என்ன விரதமா?" என்று கேட்டான் சிக்னல் ஆபீஸ் பாலன். வாய் நிறையச் சோறு.

"டாக்டர் சொல்லியிருக்காரு," என்றார் தம்புசாமி.

பாலன் சோற்றைப் பிசைந்தான், ஒரு கவளம் போட்டு மென்றான், முகத்தைச் சுளித்தான். "என்னமோ போக்கா. இந்தப் புது அரிசியில ருசியே இல்ல. போன தடவை வாங்கினீங்களே ஒரு மூட்டை, அது சோறு! ஒரு எண்ணெய்ப்பசை மாதிரி இருக்கும், தெரியுமா? அதையே வாங்குங்கக்கா."

"ஆமாக்கா, அது நல்லாருந்துச்சு," என்றார்கள் இன்னும் இரண்டு பேர்.

தம்புசாமி சப்பாத்தியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். வேகமாகப் போனார். மாரியாயி அடுப்படிப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீரம்மா ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் முக்கி எடுத்தாள்.

"அந்த அரிசி இனிமே வராது தம்பி," என்றாள். "கையைத் தள்ளு, ரசம் ஊத்தணும்."