எரியாத விளக்கு

விடியலிலேயே சிமெண்டு லாரி கிடங்கு வாசலில் வந்து நின்றுவிட்டது. மூட்டைகளில் ஆலைச் சூடு இன்னும் ஆறவில்லை. சுமைக்காரன் நெட்டையின் பிடரியில் வியர்வையோடு தூள் குழைந்து எரிந்தது. இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை வலி சுண்டி இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தான். காலையில் செருப்பைக்கூட மனைவிதான் மாட்டிவிட்டாள். குனிய முடியாதவன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

உடைந்த தள்ளுவண்டிகளைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதற்குப் பதிலாக முதலாளி இடுப்பு வலிக்கென்று ஒரு லேசர் கருவியை வாங்கிப் போட்டார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக் குப்புறப் படுக்க வேண்டும். இடுப்பில் ஒளி படும். 'பீப்' என்றதும் எழுந்து மூட்டை தூக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, எழும்போது நெட்டைக்கு வலி கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. வீட்டில் அந்தக் கருவியின் புகழ் பாடினான்.

அன்று படுக்கப் போனபோது கருவியை இயக்கும் பெண் கதவைச் சாத்தினாள்.

"மறைக்க மனசு வரலண்ணே. போன வாரமே இது கெட்டுப்போச்சு. சத்தம் மட்டுந்தான் வருது. வெளிய சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னாரு முதலாளி."

"அப்ப எனக்கு வலி குறைஞ்சது?"

"கொஞ்ச நேரம் படுத்தீங்கல்ல, அதாலயும் இருக்கலாம். நம்பிக்கையாலயும் இருக்கலாம்."

"அப்ப லேசரே ஏமாத்து வேலையா?"

"அப்படியும் சொல்லிட முடியாது. சிலருக்குக் கொஞ்ச நாளைக்கு வலி குறையுதுன்னு ஆராய்ச்சி இருக்கு. ஒளியே படாதவங்களுக்கும் அதே அளவு குறைஞ்சதுன்னும் இருக்கு. உறுதியாச் சொல்ல ஆதாரம் பத்தல. ஆனா எழுந்ததும் இவ்ளோ பாரம் தூக்கலாம்னு எதுலயும் போடல."

நெட்டைக்கு அழுகை முட்டியது. எரியாத விளக்கை நம்பியா இடுப்பை ஒடித்துக்கொண்டோம்?

இருவரும் வெளியே வந்தபோது, கூடவே சுமை தூக்கும் அவன் மைத்துனன் முதலாளியிடம் வாதாடிக்கொண்டிருந்தான்.

"வைத்தியம் இருக்கட்டுங்க. தள்ளுவண்டி வேணும். நடுவுல உக்கார நேரம் வேணும்."

"ஓசியில லேசர் வைக்கிறேன், அப்புறம் என்னடா வலி? நெட்டை, நீ தூக்கிக் காட்டு."

நெட்டை அந்தப் பெண்ணைப் பார்த்தான். வாயைத் திறந்தால் அவள் பிழைப்பு போய்விடும். மூட்டையைத் தூக்கக் குனிந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது, நிமிரவும் முடியாமல் தரையில் சாய்ந்தான். எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"மிஷின் எரியல சார்," என்றாள் அந்தப் பெண், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரு வாரமாவே எரியல."

நெட்டையின் பக்கத்தில் தொப்பென்று ஒரு மூட்டை இறங்கியது. மைத்துனன் புழுதித் தரையில் அவனருகே படுத்தான்.

"நகருங்க மச்சான். எனக்கும் இடுப்பு வலிக்குது."

மற்ற சுமைக்காரர்களின் தோளிலிருந்தும் மூட்டைகள் இறங்கின. ஒவ்வொருவராக வந்து படுத்தார்கள். அந்தப் பெண் நெட்டையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எழவில்லை.