ஒன்பதாம் எண் பேசிய இரண்டு நிமிடம்

1

இந்தக் கதை நான் தோற்ற நாளில் எனக்குக் கிடைத்தது. போபாலில் ராணுவ அதிகாரித் தேர்வு மையத்தின் வாசலில், என் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து ஸ்டேஷனுக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தேன். காலையில் மார்பில் கட்டிவிட்ட எண் துணியை மதியமே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அழுகை வர வேண்டிய இடம். வரவில்லை. அன்று ஒரு பெண் ஜெயித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த சந்தோஷம் அழுகைக்கு இடம் விடவில்லை. அவளை எனக்கு அதற்கு முன் தெரியாது. அவள் பேசி முடிக்கும்வரை எனக்கு அவளைப் பிடிக்கவும் இல்லை.

இதை எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். முதல் வரிகள்:

சுஷாந்தி லக்ரா கதவைத் திறந்துகொண்டு உள்ளே (அங்கே கதவே இல்லை, மரத்தடியில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள்தான்.)

தலைமைப் பண்பு என்பது (வேண்டாம். கோச்சிங் வகுப்பு நோட்டில் இதே வரி இருக்கிறது.)

பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு

மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்துதான் கதை கிளம்புகிறது.

2

நாங்கள் பன்னிரண்டு பேர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நான் ஆறு. இடார்சியில் வளர்ந்த ரயில்வே வீட்டுப் பெண், இரண்டு மாதம் கோச்சிங் போனவள், குரல் பெரிது. எனக்கு எதிரே இரண்டாம் எண்: ஹரியானாவில் ரோத்தக்கிலிருந்து வந்த பர்மிலா டூல், என்னைவிடக் குரல் பெரிது. ஓரத்தில் பதினொன்று: நாகாலாந்துக்காரி இனாலி, வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒன்பது.

ஒன்பதுதான் சுஷாந்தி. ஜார்கண்டில் சிம்டேகா. காலை டீ வரிசையில் பர்மிலா அவளைக் கேட்டாள்.

"எத்தனாவது தடவை?"

"நாலாவது."

"மூணு தடவையும் எதுல போச்சு?"

"குழுவாப் பேசுறதுல. நான் வாயெடுக்குறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்."

"அப்போ இன்னிக்கும் போயிடும். பேசாம டீயக் குடி."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்: "அடுத்த மாசம் எனக்கு வயசு தாண்டிடும். இதுதான் கடைசி." டீயைக் குடித்தோம்.

3

தேர்வு இதுதான். மங்கலான ஒரு படத்தை அரை நிமிடம் காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சொல்ல வேண்டும். கடைசியில் பன்னிரண்டு பேரும் பேசி, எல்லோருக்கும் பொதுவாக ஒரே கதைக்கு வர வேண்டும். பின்னால் மூன்று அதிகாரிகள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

(யோசித்தால், கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிடக் கொடுமையான தண்டனை கிடையாது. என் கதையை இன்னும் பதினோரு பேர் திருத்துவார்கள்!)

படத்தில் மூன்று உருவங்கள், பின்னால் ஏதோ ஒரு கம்பம். என் கதையில் வெள்ளம் வந்தது. கதாநாயகி கயிறு கட்டி ஊரையே கரையேற்றினாள். பர்மிலாவின் கதையில் விளையாட்டு மைதானம், தங்கப் பதக்கம். ஒன்பதின் கதை என்ன? எனக்கு நினைவில்லை. அவள் சொன்னபோது நான் கேட்கவில்லை.

4

அதிகாரி சொன்ன "ஆரம்பிக்கலாம்" என்ற சொல் முடிவதற்குள் நான் தொடங்கிவிட்டேன்.

"பாருங்க, நம்ம எல்லார் கதையிலயும் ஆபத்து இருக்கு, அதனால வெள்ளத்தையே வெச்சுக்கலாம்..."

"வெள்ளம் எங்க இருந்து வந்துச்சு? படத்துல சொட்டுத் தண்ணி இருந்துச்சா?" பர்மிலா.

"கம்பம் இருந்துச்சில்ல, கரென்ட் கம்பம்..."

"அது ஃபுட்பால் கோல் கம்பம்டீ!"

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரில் எட்டு பேர் ஒரே சமயத்தில் பேசினோம். என் கழுத்து நரம்பு புடைத்தது எனக்கே தெரிந்தது. நான்கைந்து நிமிடம் இப்படியே போனது.

பர்மிலா மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள். அந்த நொடியில் ஒன்பது பேசினாள். குரலை உயர்த்தவில்லை. வட்டத்தைப் பார்த்தும் பேசவில்லை. பர்மிலாவின் முகத்தைப் பார்த்து, அவளிடம் மட்டும் கேட்டாள்.

"ரெண்டு, நீங்க சொன்ன மைதானம் சரின்னுதான் எனக்கும் படுது. ஆனா மூணு பேர்ல ஒருத்தி கீழ உக்காந்திருந்தாளே. அவ ஏன் உக்காந்திருந்தா?"

பர்மிலா என் பக்கம் திரும்பினாள். ஒருத்தி உட்கார்ந்திருந்ததையே நான் பார்க்கவில்லை. அந்த அரை நிமிடமும் வெள்ளத்தைத் திறந்துவிடுவதிலேயே போயிருந்தது.

"அவ கணுக்காலப் புடிச்சிட்டிருந்தா" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல். பதினொன்று.

"அது முக்கியமில்ல, முக்கியம் என்னன்னா..." என்று நான் பாய்ந்தேன்.

"ஆறு, ஒரு நிமிஷம்" என்றாள் ஒன்பது. "பதினொண்ணு முடிக்கட்டும். உங்க வெள்ளத்துக்கு அப்புறம் வரேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கத்த முடியாது; முயன்று பாருங்கள்.

பதினொன்று சொன்னாள். கணுக்கால் பிசகியிருக்கிறது, மற்ற இருவரும் அவளைத் தூக்கப்போகிறார்கள். ஒன்பது அதை வாங்கிக்கொண்டாள். "மைதானம் ரெண்டு குடுத்தது. அடிபட்டவளப் பதினொண்ணு கண்டுபிடிச்சா. எப்படித் தூக்குறது? ஆறு சொன்னதுல ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு, கயிறு. ரெண்டு மூங்கில், ஒரு கயிறு, ஒரு போர்வை. தூக்கிட்டுப் போயிடலாம். என்ன ஆறு?"

என் கயிறு! வெள்ளம் போனால் போகட்டும், என் கயிறு கதைக்குள் வந்துவிட்டது. "சரி, சரி" என்று எல்லோரையும் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டவள் நான்தான்.

"அப்போ உன் கதை?" என்றாள் பர்மிலா.

"என் கதை வேணாம். இதுவே போதும்."

பொதுக் கதையை யார் சொல்வது என்று வந்தபோது ஏழெட்டுப் பேர் ஒன்பதைக் காட்டினோம். அவள் தலையசைத்தாள். "பதினொண்ணு சொல்லட்டும். படத்த ஒழுங்காப் பார்த்தவ அவதான்."

இனாலி எழுந்து நின்று, குரல் நடுங்காமல், முழுக்கதையையும் சொன்னாள். பின்னாலிருந்த மூன்று பேனாக்களும் ஓடிக்கொண்டிருந்தன.*

* பேனாக்கள் ஓடியதை நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம். ஆனால் ஓடியிருக்கும்.

5

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒன்பது இவ்வளவு நல்லவளா? நான் பூச்சு வேலை செய்கிறேனோ? அவள் மெல்லப் பேசுவதற்குக் காரணமாக ஒரு சோகம் வைத்துப் பார்த்தேன்: காது கேளாத தம்பி (கோடு போட்டு அடித்தாயிற்று), அதட்டும் அப்பா (அடித்தாயிற்று). வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் செய்து இதுவரை எழுதியதைப் படித்துக்காட்டினேன். அவள் இப்போது மலைமேல் ஒரு முகாமில் கேப்டன்.

"ஆறு, என்னையச் சாமியாராவே ஆக்கிட்டியே" என்று சிரித்தாள்.

"பின்ன எதுக்கு உன் கதைய விட்டுக்குடுத்த?"

"விட்டுக்குடுக்க கதை எங்க இருந்துச்சு? நாலு வரி எழுதி நின்னுட்டேன். அவ ஏன் உக்காந்திருக்கான்னு எனக்கு விளங்கல. நெசமாவே தெரியாமத்தான் கேட்டேன்."

"அந்த நாலு வரியச் சொன்னியா?"

"சொன்னேனே! நீ அப்ப உன் வெள்ளத்த மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டிருந்த. உதடு அசைஞ்சது."

"பதினொண்ணுக்கு வாய்ப்புக் குடுத்தியே?"

"இங்கிலீஷ்ல கதை சொன்னா எனக்குத் தடுக்கும். அவளுக்குத் தடுக்காது. கதை நல்லபடியாப் போய்ச் சேரணும்ல? எனக்கும் ஜெயிக்கணும்னுதான் இருந்துச்சு ஆறு, அத எழுது."

எழுதிவிட்டேன். இப்போது அவளை எனக்கு இன்னும் பிடிக்கிறது.

6

மதியம் கூடத்தில் ஓர் அதிகாரி எண்களைப் படித்தார். இரண்டு. பர்மிலா குதித்தெழுந்தாள். அடுத்து ஏழு என்றார். ஆறு தாண்டிப் போனது எனக்கு உறைப்பதற்குள், "ஒன்பது."

யாரும் எழவில்லை. மூன்று முறை தன் எண் வராமலே கேட்டுப் பழகியவள், வந்ததைக் கேட்கவில்லை. நின்றுகொண்டிருந்த பர்மிலா இரண்டு வரிசை தாண்டிக் கத்தினாள்.

"எந்திரிடீ சிம்டேகா! உன் நம்பர்!"

எழுந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் எண் துணியை இழுத்து நேராக்கினாள். அடுத்தது பதினொன்று. நான் கை தட்டினேன். அங்கே கைதட்டக் கூடாது. அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த எண்ணைப் படித்தார்.

அது முதல் நாள் வடிகட்டல்தான்; மீதித் தேர்வுகளையும் தாண்டி ஐந்தாம் நாள் அவள் தேர்வானாள். ஒரு வருஷம் கழித்து சென்னையில் பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு நான் ரயிலேறிப் போனேன். அவள் தோளில் அம்மா நட்சத்திரம் குத்தும்போது ஊசி அம்மாவின் விரலில் ஏறிவிட்டது. "அசையாத" என்று மகளை அதட்டினார். லெப்டினன்ட் சுஷாந்தி லக்ரா அசையவில்லை.

7

இங்கே முடித்தால் நல்ல முடிவு. ஆனால் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டதாக ஆகும்: நானும் மறுபடி போனேன். அதே மையம், வேறு பெண்கள், வேறு படம். கத்தல் மட்டும் அதே கத்தல். பதினாலாம் எண் பேச வாயெடுத்து மூடியதைப் பார்த்தேன்.

"பதினாலு, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்று கேட்டேன். எனக்கு நெசமாகவே தெரிய வேண்டியிருந்தது. அவள் சொன்னாள். நன்றாக இருந்தது. அதன்மேல் நான் ஒன்று சொன்னேன், இன்னொருத்தி ஒன்று வைத்தாள். நேரம் முடியும் முன்பே எங்கள் கதை முடிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழும்போது கால் தரையில் பாவவில்லை. முடிவு வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது, ஆனால் அதற்குள்ளாகவே நான் ஜெயித்திருந்தேன்.

இதை எங்கிருந்து எழுதுகிறேன், என்ன உடையில் எழுதுகிறேன் என்று சொல்லப்போவதில்லை. என் எண் இம்முறை இருபத்திமூன்று. பக்கத்தில் இருபத்திரண்டும் இருபத்திநான்கும் உட்கார்ந்திருந்தார்கள், மூவரும் கையைக் கோத்துக்கொண்டோம். அதிகாரி தாளைப் புரட்டினார். பத்தொன்பது என்றார். பிறகு எங்கள் பக்கம் பார்த்து,

"இருபத்தி