கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிறவள்

1

இந்தக் கதை ஒரு குரல் பதிவிலிருந்து வந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாத பதிவு. காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெல்சி, ஒரு நாவலைப் பற்றித் தன் சிநேகிதி ஈஸ்வரிக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பியது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருகிறது, மழையில் வருகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கண்டனூரில் பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய வீட்டின் தேக்குத் தூண்களில் வெயில் சாய்ந்து—

வேண்டாம். தூண் என்று பார்த்தாலே பெல்சி புத்தகத்தை மூடிவிடுவாள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

(முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதன் கடைசிப் பகுதி உங்களுக்காக எழுதியதல்ல. படிக்கலாம், தடையில்லை. ஆனால் வரிசையாக வாருங்கள்.)

2

பெல்சியின் கடையில் மருந்துக்குத்தான் காசு, அபிப்பிராயம் இலவசம். கல்லாவுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஒரு நாவல் கவிழ்ந்து கிடக்கும். கொலை, சரித்திரம், காதல், விண்வெளி என்று எந்தப் பாகுபாடும் அவளுக்குக் கிடையாது. முடித்த கையோடு வாசகர் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டுவிடுவாள். குழுவை நடத்துகிற செம்மலை இன்சூரன்ஸ் ஏஜெண்ட். யாரையும் எதையும் பாராட்டிப் பேசியே பிழைத்தவர். பெல்சியின் பதிவு வந்தால் அவர் முதலில் காதில் போனை வைத்துத் தனியாகக் கேட்டுக்கொள்வார்.

(நாவல்களின் பெயரை மறைக்கிறேன். எழுதியவர்களில் சிலரைப் பேருந்து நிலையத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.)

மலையூர் பங்களாவில் நடக்கும் கொலை நாவலைப் பற்றி அவள் சொன்னது: "அந்த டாக்டர் போட்ட ஊசிக்கு ஆள் சாக மாட்டான், தூங்கி எந்திரிச்சு இட்லி கேப்பான். ஆனா அந்த இன்ஸ்பெக்டருக்குச் சோறு எடுத்து வைக்காமத் தூங்கிட்டு, காலையில அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத பொண்டாட்டி ஒருத்தி வாரா. அவளுக்காக ஊசியை மன்னிச்சிட்டேன்."

பாண்டியர் காலத்துக் குதிரை வணிகத்தைப் பற்றிய தடித்த சரித்திர நாவலில், கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்குகிறதே தவிர ஒருத்தரும் அதற்குப் புல் போடவில்லை என்று குறைப்பட்டாள். செவ்வாய்க் கிரகத்தில் தமிழர்கள் குடியேறும் நாவலை மட்டும் தலையில் வைத்துக் கொண்டாடினாள். "அங்க போயும் தண்ணிக்கு வரிசையில நிக்கிறாக, அங்கயும் ஒருத்தி இடையில பூந்துடுறா. அதுக்கு மேல எனக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

காதல் நாவலுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. "ரெண்டு பேருக்கும் மனசுல ஆசை இருக்கு. முந்நூறு பக்கத்துக்குப் பேசாமயே இருக்காக. ஒரு போன் போட்டா முடிஞ்சுபோற கதையை எதுக்குய்யா எழுதுறீக?"

இந்தக் கடைசி அபிப்பிராயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த நாவலானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய ஒரு தொடர்கதையை மூச்சுவிடாமல் படித்துக்கொண்டு போயிருக்கிறாள். கடைசி இரண்டு வாரம் அதில் இல்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. போய்ச் சேருகிற ஊர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இப்போது பஸ் ஏறுகிறாள்.

நல்ல பழக்கமா என்று கேட்காதீர்கள். இந்தக் கதைக்கு வினையே அதுதான்.

4

இனி ஈஸ்வரி வர வேண்டும். இங்கேதான் எனக்குக் கை நின்றுவிடுகிறது. மின்வாரிய அலுவலகத்தில் வேலை, பெல்சியோடு ஒரே பெஞ்சில் படித்தவள் என்பது வரை சரியாக வருகிறது. அதற்கு மேல் எழுதினால் ஒன்று பரிதாபத்துக்குரியவளாகிறாள், இல்லை அசடாகிறாள். அவள் இரண்டும் இல்லை. [இந்தப் பத்தியை நான்காவது முறையாக எழுதுகிறேன். இப்படியே விட்டுவிடுகிறேன்.]

ஈஸ்வரி ஒரு நாவல் எழுதினாள். கண்டனூர்ப் பெரிய வீடு, மூன்று தலைமுறை, பர்மா, பாகப்பிரிவினை, தூண்கள். செட்டிநாடு என்றால் என்னென்ன எதிர்பார்ப்பார்களோ அத்தனையும். தட்டச்சுப் படியை பெல்சியிடம் கொடுத்து, மனசில் பட்டதைச் சொல்லச் சொன்னாள்.

பெல்சி வழக்கம்போல் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். அதில் வீடே இல்லை. கல்யாணச் சமையலுக்கு எடுபிடியாக வந்து மூன்று நாள் நின்றே வேலை செய்த ஒரு பெண், டவுன் பஸ்ஸில் ஊர் திரும்புகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் சீட்டில் காலை நீட்டுகிறாள். கண்டக்டர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. அவ்வளவுதான் அத்தியாயம்.

பெல்சி கடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து ஒரு குரல் பதிவு போட்டாள்.

"ஈஸ்வரி, அழுதுட்டேன்டி. காரைக்குடிப் பக்கம் இப்படி ஒருத்தரும் எழுதலை. அவ காலை நீட்டுறா பாரு... இரு, ஆள் வந்திருக்காக, அப்புறம் பேசுறேன்."

யாரோ மருந்துச்சீட்டோடு வந்துவிட்டார்கள். அப்புறம் அவள் பேசவில்லை. ஈஸ்வரி அது மொத்த நாவலுக்கும் என்று எடுத்துக்கொண்டாள். அச்சாகி வந்த புத்தகத்தின் பின்னட்டையில் 'காரைக்குடிப் பக்கம் இப்படி ஒருவரும் எழுதியதில்லை' என்று பெல்சியின் பெயரோடு இருந்தது.

5

[அடுத்த பத்தியில் வருவதை நான் பார்க்கவில்லை. ஊகித்து எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பெல்சி சொல்லட்டும்.]

பின்னட்டையைப் பார்த்த அன்றுதான் பெல்சி முதல் பக்கத்துக்குப் போனாள். முப்பது பக்கத்துக்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. வீடு நின்றது, தூண்கள் நின்றன, ஆட்கள் வசனம் பேசிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியீட்டு விழாவில் பேச வேண்டியது அவள். அழைப்பிதழில் பெயர் போட்டாயிற்று. உண்மையைச் சொன்னால் ஈஸ்வரி கையைவிட்டுப் போய்விடுவாள். பொய் சொன்னால், இத்தனை நாள் சொன்ன அபிப்பிராயத்துக்கெல்லாம் மரியாதை போய்விடும். ஈஸ்வரியின் எண்ணை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, போனைக் கல்லாவில் வைத்தாள்.

விழாவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் வடிவத்தில் பெல்சிக்குக் காய்ச்சல், அதனால் வரவில்லை. மருந்துக்கடைக்காரி காய்ச்சல் என்று லீவு சொன்னால் யார் நம்புவார்கள்? அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் அவள் வாய் நிறையப் பாராட்டி, பொன்னாடை போர்த்திக்கொண்டு இறங்குகிறாள். ஈஸ்வரி அவளைக் கட்டிப்பிடிக்கிறாள். அழகாகத்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குப் பெல்சி என்ற பெயர் பொருந்தவில்லை.

மூன்றாவது, நடந்தது. மைக்கைப் பிடித்தவர்களில் புத்தகத்தைப் படித்தவர் யாருமில்லை. நம் ஊர் விழாக்களில் அது வழக்கம்தான், அதனால்தான் எல்லோரும் சந்தோஷமாக வீடு திரும்புகிறோம். செம்மலை பின்னட்டையைச் சத்தமாக வாசித்தே தன் உரையை முடித்துக்கொண்டார். முழுதும் படித்துவிட்டு வந்தவள் பெல்சி ஒருத்திதான்.

"இந்தப் பொஸ்தகத்துல முந்நூறு பக்கத்துக்கு ஒரு வீடு நிக்கிது. உள்ள ஆளில்லை. பின்னட்டையில போட்டுருக்கது நான் கடைசி அத்தியாயத்துக்குச் சொன்னது. அதுல ஒரு பொம்பளை வாரா. வீட்டுக்குப் போயி அவளை மட்டும் படிங்க. எங்க ஈஸ்வரிக்கு என்னா எழுத வரும்னு அப்பத் தெரியும்."

வீட்டுக்குப் போகும்வரை யாரும் காத்திருக்கவில்லை. மண்டபம் முழுக்கப் புத்தகத்தைப் பின்பக்கமாகப் பிரிக்கும் சத்தம். முன்வரிசையில் ஓர் அம்மா மூக்கைச் சிந்தினார். ஏற்புரையில் ஈஸ்வரி மைக் செட்காரர் வரைக்கும் நன்றி சொன்னாள். பெல்சியின் பெயரைச் சொல்லவில்லை.

6

பெல்சி, நீ இந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்கிறாய். எனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே வைக்கிறேன்.

நான் ஈஸ்வரிதான். மேலே என்னை அவள் என்று எழுதியிருப்பது, அப்படி எழுதினால்தான் கை ஓடியது என்பதற்காக.

முந்நூறு பக்கத்தை நான் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டு எழுதினேன். கடைசி அத்தியாயத்தை ஒரு மத்தியானத்தில் எழுதினேன். கஷ்டப்பட்டதைத் தள்ளிவிட்டு, தானாக வந்ததை நல்லது என்றால் யாருக்கும் வலிக்கும். எனக்கு வலித்தது. இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் நீ சொன்னது சரி. அதைவிட, நீ சொல்லாமல் விட்டதும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் காலை நீட்டியது என் அம்மா என்று அந்த மண்டபத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். மைக் கையில் இருந்தும் நீ அதைச் சொல்லவில்லை.

விழாவுக்குப் பிறகு பிரஷர் மாத்திரையை வேறு கடையில் வாங்குகிறேன். அந்தக் கடைக்காரர் நல்லவர்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் காலண்டர் மட்டும் இருக்கிறது.

ஒரு போன் போட்டால் முடிந்துபோகிற கதையை எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாயே, இதற்குத்தான். போட முடியாதவர்கள் எழுதுகிறார்கள். இதில் தூண் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்; ஒன்றிரண்டு வந்திருந்தால், அதெல்லாம் உன்னைக் கேலி செய்ய வைத்தது.

நாளையோடு மாத்திரை தீர்கிறது. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் உன் கடைக்கு வருகிறேன். நீ சீட்டைப் பார்த்து மாத்திரை அட்டையைக் கிழித்துக் கொடுத்து, மீதிச் சில்லறையைக் கையில் வைத்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்தது. இல்லை, முதல் பக்கத்துக்குப் போய், இது எங்கெங்கே தேறவில்லை என்று சொல்ல ஆரம்பித்தால், கடையை நீ அடைக்கும்வரை நின்று கேட்பேன்.

அப்புறம் பேசுறேன் என்று சொல்லியிருக்கிறாய். பதிவு என்னிடம் இருக்கிறது.