பள்ளத்தாக்குக்கு ஒரு கரடி

மூன்று வருஷமாக மூடிக்கிடந்த கரடி வேட்டையை அரசாங்கம் மறுபடி திறந்துவிட்டது என்று சங்கத் தலைவர் பாந்தெலி வாசித்ததும், வேட்டைக்காரர்கள் மேசையைத் தட்டிக் கொண்டாடினார்கள். அடுத்த வரியில் தட்டல் அடங்கிப்போனது. பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே ஒரு கரடி. அது விழுந்த அன்றைக்கே சீசன் முடிந்துவிடும்.

"ஒண்ணை வச்சு நாக்கு வழிக்கிறதா?" என்று எகிறினான் கசாப்புக்காரன் மிரோன். "தலைநகரத்துல உக்காந்திருக்கிறவனுக்குக் கரடின்னா பொம்மை. அவன் வீட்டுக் கொல்லைக்கு ரெண்டை ஓட்டிவிடணும்!"

"ஓட்டிவிடேன். உன் மச்சான்தானே அங்க பஸ் ஓட்டுறான், முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகட்டும்," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பாந்தெலி மட்டும் முகத்தைச் சுளித்தார். "ரொம்பத் துள்ளாதீங்கடா. வெளிநாட்டான் காசுக்குப் பெருங்கரடியா பார்த்துச் சுடவிட்டது யாரு? நாமதானே? அதனாலதான் மூடினான்."

"மூடினதுல செத்தது அவன் மகனா?" என்றான் மிரோன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மூலையில் கிழவர் இலாரியே உட்கார்ந்திருந்தார். போன கோடையில் மலைமேட்டில் புல் அறுக்கப்போன அவருடைய ஒரே மகன் சாபினைக் கரடி அடித்துப்போட்டது. சீசன் இல்லாத நாளில் துப்பாக்கியோடு கண்டால் லைசென்ஸ் போய்விடும் என்று வெறும் அரிவாளோடு போயிருந்தான், பாவி. உடம்பைக் குளிப்பாட்டியவர் இலாரியேதான். கழுத்தில் நான்கு கோரைப்பல் பதிந்திருக்க வேண்டிய இடத்தில் மூன்று துளைகள்தான் இருந்தன. அந்த மூன்றும் அவர் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

அந்த ஒரு கரடி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அனுமதிச் சீட்டைப் பாந்தெலி இலாரியேயின் கையில் வைத்து அழுத்தினார்.

இலாரியே அந்தப் புல்மேட்டிலேயே பரண் கட்டிக் காத்திருந்தார். நான்காம் நாள் சாயங்காலம், இருட்டுவதற்குள், வயிறு தரையில் உரச ஒரு கிழட்டு ஆண் கரடி வந்தது. இவ்வளவு பெரியது இந்த மலையில் இன்னொன்று இருக்குமா என்ன? "வாடா," என்று முணுமுணுத்துச் சுட்டார். ஒரே குண்டு.

மறுநாள் காலை டிராக்டரில் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்கள். ஊரே கூடிவிட்டது. மிரோன் பிளம் சாராயத்தோடு வந்து நின்றான். சுட்டவன்தான் செத்த மிருகத்தின் வாயில் கடைசிக் கவளமாக ஓர் இலைக்கொத்தை வைக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர் வழக்கம். இலாரியே ஊசியிலைக் கொத்து ஒன்றை ஒடித்து, மண்டியிட்டு, இறுகிக்கிடந்த தாடையைக் கத்திப்பிடியால் நெம்பித் திறந்தார்.

மேலே இரண்டு. கீழே இரண்டு. நான்கு கோரைப்பல்லும் முழுசாக இருந்தன.

இலாரியே கொத்தை வாயில் வைத்துவிட்டு எழுந்திருக்காமல் மண்டியிட்டபடியே இருந்தார். வயசாகிவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

சாபினின் மனைவி, மருமகள் வெதுரியா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கரடியின் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டாள்.

"இதுதானா மாமா?"

"இதேதான்மா, சந்தேகமே வேண்டாம்!" என்று மிரோன் முந்திக்கொண்டான்.

இலாரியே அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷமாகச் சரியாகத் தூங்காத முகம். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துபோகும்? இன்றைக்காவது கண்ணை மூடுவாளே. மெல்லத் தலையை ஆட்டினார்.

"அப்பாடா," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே பயமில்ல. மேல புல்லு அறுக்காமலே முத்திப்போச்சு, மாடு பட்டினி கிடக்குது. நாளைக்கு நானே போயி அறுத்துட்டு வந்துடறேன் மாமா."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதம்மா."

"ஏன் மாமா?"

"இது அது இல்ல. நான் வேற எதையோ கொன்னுட்டேன்."

மிரோன் ஊற்றிக்கொண்டிருந்த சாராயம் கிண்ணத்தை மீறி வழிந்தது. வெதுரியா கரடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்ப அதைச் சுடுங்க மாமா. இன்னைக்கே போயிச் சுடுங்க."

இலாரியே தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"சீசன் முடிஞ்சுபோச்சும்மா," என்று ஊர் பார்க்க விக்கி விக்கி அழுதார்.